பிளாஸ்டர் ஒட்டிய வீடியோ கேம்

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ஒரு ஆஸ்பத்திரி ஆயா. ஒல்லியான உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. உட்கார்ந்ததுமே பையிலிருந்து உள்ளங்கையளவு வீடியோ கேமை எடுத்து, திரையில் மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். அது பலமுறை கீழே விழுந்திருக்கிறது. ஒருமுறை சாம்பாரில்கூட நனைந்தது. துடைத்ததும் தன் மெட்டைப் பாடியது. பேட்டரி மூடி உடைந்த இடத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

அதிலிருந்த அதிகபட்ச ஸ்கோர், கல்யாணமாகி வேலூருக்குப் போன மகள் எடுத்தது.

"இன்னும் கொஞ்சந்தான் கீது, முந்திடுவேன்" என்பார்.

ஒருநாள் நெரிசலில் அது கைதவறி விழுந்தது. பிளாஸ்டர் பிய்ந்து பேட்டரிகள் உருண்டோடின. தேடியெடுத்துப் போட்டதும் பழையபடி பாடியது. ஆனால் ஸ்கோர் இருந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது.

"இன்னாம்மா இது, என் பொண்ணு ஸ்கோரு பூடுச்சே" என்றார்.

பிய்ந்த பிளாஸ்டரை அழுத்தி ஒட்டிவிட்டு அதை என்னிடம் நீட்டினார்.

"நீ ஒரு ஆட்டம் ஆடு கண்ணு. மேல யார்னா இருந்தாத்தான் எனக்கு ஆட வரும்."

தெரியாத ஆட்டத்தை ஏதோ ஆடினேன். என் ஸ்கோரை முந்த அவருக்கு இரண்டு ஸ்டேஷன் போதும்.

ஆனால் அதை நெருங்கும்போதெல்லாம் அவர் கட்டையைத் தப்பாக இறக்கிவிடுவார். தாம்பரம் வேலையை நான் விட்ட நாளிலும் என் ஸ்கோர்தான் மேலே இருந்தது. மகளுடையதையும் அவர் இப்படித்தான் காப்பாற்றி வந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.