ஸ்லாவ்கோ சொல்லாத பெயர்

வேலை முடிந்து அம்மருட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது தம்பி ரூபனின் அழைப்பு வந்தது. "அக்கா, உங்கட வாங்குக்காரன் செத்துப்போனானாம். நெஞ்சுவருத்தம்," என்றான். அழைப்பை வெட்டிவிட்டான். ஆட்கள் என்னை விலத்திக்கொண்டு போனார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வாங்குக்காரன் என்று ஒஸ்லோவில் எங்கள் தமிழ் ஆட்கள் சொன்னது ஸ்லாவ்கோவை. சேர்பியாக்காரர். ரூபன் விளையாடிய உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுவிப்பாளர். அங்கே உடைமாற்றும் அறைகளைத் துப்புரவு செய்தது நான். அவருக்கு அந்தப் பெயர் விழுந்ததும் என்னால்தான்.

"நான் கிரீஸில மூண்டு வருஷம் வாங்கில இருந்தனான்," என்று ஒருநாள் சொன்னார். எங்கள் இருவருக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறை. வீடில்லாமல் பூங்காவில் வாங்கில், நீட்டு இருக்கையில், படுத்துக்கிடந்த மனிதர் என்று நினைத்து எனக்கு மனம் கரைந்துவிட்டது. அடுத்தநாள் சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக் கையைத் துடைத்த பிறகுதான், ஆட்டக்காரனை ஆட்டத்தில் இறக்காமல் மைதான ஓரத்தில் இருத்தி வைக்கிற வாங்கு அது என்று விளக்கினார்.

"முதலே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னால் கறி திரும்பிப் போயிருக்கும்."

இதை வீட்டில் வந்து சொன்னேன். ரூபன் பெயர் வைத்துவிட்டான்.

ஸ்லாவ்கோ பதினாறு வருஷத்தில் ஒன்பது கழகங்களுக்கு ஆடியவர். தன் ஊர், ஸ்லோவேனியா, கிரீஸ், சைப்ரஸ், சுவீடன், கடைசியில் வடநோர்வே. "ஒரு நாட்டிலயும் சேட்டு முதுகில என்ர பேரைப் பிழையில்லாமல் எழுதேல்லை," என்பார். ஒஸ்லோவில் பகலில் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார், பின்னேரம் பயிற்சி கொடுத்தார். ஆட்டம் முடிந்தால், ஆடாமல் இருந்தவர்களிடம்தான் முதலில் போவார். "ஆடினவனுக்கு வேர்வையாவது இருக்கு. இவனுக்கு நான்தான் இருக்கிறன்."

எங்கள் ஊரில் சண்டை நின்று, சமாதானம் வந்து, பாதை திறந்திருந்த காலம். பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கழகம் மேல் பிரிவுக்கு ஏறும். ரூபனைப் பார்க்கப் பெரிய கழகத்திலிருந்து ஒருவர் வருவதாகவும் கதை. அவன் முழங்கால் வீங்கிக் கிடந்தது. ஆடினால் கால் வழங்காமல் போகலாம் என்று வைத்தியர் சொன்னதை அவன் கழகத்தில் மறைத்துவிட்டான். வீட்டில் எனக்கு எப்படி மறைப்பான்?

ஆட்டத்துக்கு முதல்நாள் நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஸ்லாவ்கோவிடம் போனேன். "அவனை விடாதேங்கோ. நான் சொன்னதெண்டு தெரிஞ்சால் சாகும்வரைக்கும் என்னோடை கதைக்கமாட்டான்."

அவர் தன் முழங்காலைத் தடவினார். சைப்ரஸில் நோகிற முழங்காலில் ஊசி போட்டு அவரை ஆட இறக்கினார்களாம். அன்றைக்கு ஆடி முடித்தவர் பிறகு ஒருநாளும் நோவில்லாமல் ஓடவில்லை. "ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். முழங்கால் சாகும்வரைக்கும்," என்றார்.

அடுத்தநாள் ரூபன் வெளியே, வாங்கில் இருந்தான். ஏன் என்று கத்தினான். "நான் ட்ரேனர். என்ர முடிவு," என்றார் ஸ்லாவ்கோ. ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றார்கள். நிர்வாகம் கேட்டபோதும், "என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு," என்றுதான் சொன்னாராம். பனி கொட்டத் தொடங்கமுன் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"வாங்கில கிடந்தவனுக்கு மற்றவனையும் வாங்கில வைக்கத்தான் தெரியும்," என்று ரூபன் என் வீட்டு மேசையில் இருந்து சொன்னான். நான் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அந்தக் கதையை, இதை வாசிக்கிற எங்கள் ஆட்கள், நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். கலியாண வீடுகளிலும் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஒருமுறை ஹவுகெட்டோ நிலையத்தில் அவரைக் கண்டேன். ஏதோ சின்னக் கழகத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "தம்பியிட்டை உண்மையைச் சொல்லப்போறன்," என்றேன்.

"வேண்டாம். எனக்குக் கழகம் மாறிப் பழக்கம். அவனுக்கு வேற அக்கா கிடைக்கமாட்டாள்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் வாயை மூடியது இரக்கத்தால். நான் மூடியது பயத்தால்.

அடக்கத்துக்கு எங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ரூபன் வரவில்லை. ஸ்லாவ்கோவின் மனைவி, இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் அவர்கள் வழக்கப்படி, அவித்த கோதுமையில் சீனி கலந்து ஒரு கரண்டி தந்தா.

ரூபன், அன்றைக்கு உன்னை ஆடவிடாமல் செய்தது நான். உன் அக்கா. அவர் பிழைவிடவில்லை. என் பெயரைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். இதை வாசித்துவிட்டு நீ கோபத்தோடு வருவாய். என் மூன்றாம் மாடி வீடு வரைக்கும் படியில் நீ நோவில்லாத இரண்டு காலாலும் தடதடவென்று ஏறி வருகிற சத்தம் கேட்கும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சத்தம்தான்.