மணலில் சாய்ந்த லேத்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைத்து எழுதத் தெரியாது.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறையில் பல வருடம் லேத்து ஓட்டினேன். இரும்பைச் சுழலவிட்டு வேண்டிய அளவுக்குச் சீவித் தரும் இயந்திரம் அது. வீடு பாலவாக்கத்தில், கடற்கரைக்குப் போகும் தெருவில். காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். என் மனைவி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிறகு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். ஏற்றிய பிறகு நாலைந்து நாள் அவளால் எழுந்து நிற்க முடியாது.

ஒருநாள் நான் வீடு திரும்பியபோது குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்ல சீரியல் ஆரம்பிக்கசொல்ல உக்காந்தேன். அது முடிஞ்சி இன்னும் ரெண்டு சீரியல் ஓடிட்ச்சி" என்றாள். சிரிக்கவேறு செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் ஓங்கிக் குத்தினேன். கைதான் வீங்கியது.

இனி இவளைத் தனியாக விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பட்டறை முதலாளி புது மெஷின் வாங்கியிருந்தார். பழைய நாலரை அடி லேத்தை எனக்கே கொடுத்தார். முன்னறையைக் காலி செய்து அங்கே வைத்துவிட்டால் வேலையும் ஓடும், அவளும் கண்ணெதிரில் இருப்பாள். லேத்து உடையாமல் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அது வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும். விரிசல் விட்டால் நான் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

ஏற்றும் வேலையை ஒழுங்காகச் செய்தேன். மோட்டாரையும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கையும் கழற்றித் தனியாகக் கட்டினேன். நகரும் பாகங்களைக் கனம் குறைந்த பக்கம் தள்ளி இறுக்கினேன். கால்களுக்கு அடியில் குறுக்காக இரண்டு மரக்கட்டைகளை வைத்து போல்ட் போட்டேன். முதலாளி ஒரு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தார். அதை நசுக்கிக்கொண்டு குட்டியானை வண்டி கிளம்பியது. மயிலாப்பூர் தாண்டி, அடையாறு தாண்டி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் தோளைத் தட்டினேன்.

"இன்னா நைனா, உள்ள புள்ளத்தாச்சி கீதா?" என்றான்.

"அப்படித்தான் வெச்சுக்க. மெதுவா போ."

எங்கள் தெருவின் கடைசிப் பகுதி மணல். வண்டி உள்ளே வராது. அங்கே என் மச்சான்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மனைவியின் தம்பிகள், கடலுக்குப் போகிறவர்கள். மணலில் கனமான எதையும் நகர்த்த அவர்களை விட்டால் ஆள் இல்லை. அக்காவுக்காக அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. பலகை பரப்பி, அதன்மேல் இரும்புக் குழாய்களை உருளைகளாகப் போட்டு, கயிறு கட்டி இழுத்தோம். மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு பலகை மணலில் புதைந்தது. லேத்து நின்றுவிட்டது. பலகைக்கு அடியில் கொடுக்கச் செங்கல் எடுத்துவர நான் பின்பக்கம் போனேன். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அது ஒரு தப்பு. இன்னொரு தப்பு, அந்த மரக்கட்டைகளை எங்கள் கேட்டின் அகலத்துக்கு ஏற்ப நானே குட்டையாக அறுத்திருந்தேன். லேத்துக்கு மேல்பாகம்தான் கனம். கட்டை இரண்டு பக்கமும் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் சாயாது. அது எனக்குத் தெரியும். கேட்டை ஒரு நாள் கழற்றி வைக்கச் சோம்பல்.

படகு மணலில் சிக்கினால் இந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதை மச்சான்கள் செய்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று ஆட்டினார்கள். படகுக்கு அடிவயிறு உருண்டை. இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பி வரும். ஆட்ட ஆட்ட மணல் விட்டுக்கொடுக்கும். சின்ன வயதிலிருந்து செய்த வேலை. லேத்து அப்படி இல்லை. இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாவது தரம் சாய்ந்தது, வரவில்லை.

நான் செங்கல்லோடு வரும்போது சின்னவன் அதற்கு அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கால் முட்டிவரை மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிடிடா, விடாத" என்று கத்தினேன்.

அதே நேரத்தில் வாசலிலிருந்து இன்னொரு குரல் வந்தது. ஆறு மாதமாக அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை.

"டேய், வுட்டுட்டு வெளிய வா. வுழுந்தா வுழுட்டும். வாடான்றேன்ல."

அவன் அக்கா சொன்னதைத்தான் கேட்டான். விலகித் தாவினான். லேத்து எங்கள் மதில்மேல் போய்ச் சாய்ந்தது. மதில் உள்பக்கமாக உடைந்து, லேத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது.

நான் மச்சான்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சின்னவன் தோளைத் தேய்த்துக்கொண்டு, "அது நம்ம போட்டு மாதிரி திரும்பி வரும்னு நெனச்சேன் மாமா" என்றான். பெரியவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மணலில் நாலு அடி நடந்து வந்தாள்.

"அவன இன்னாத்துக்குத் திட்ற? பிடின்னு நீ சொன்னல்ல. எனக்குக் கேட்டுது."

அவள் பக்கத்தில் இருக்கத்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்தேன். அதற்காக அவள் தம்பி காலையே முறித்திருப்பேன்.

பிறகு கேட்டைக் கழற்றினோம். பெரியவன் போய் இரண்டு நீளமான கட்டைகளைக் கொண்டுவந்தான். பலகையைச் செங்கல் வைத்து உயர்த்தி, கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நிமிர்த்தினோம். நிமிர்ந்ததும் அந்தக் கட்டைகளைக் குறுக்கே கொடுத்துக் கட்டினோம். சாயங்காலத்துக்குள் முன்னறைக்கு வந்துவிட்டது. விளக்கைப் பிடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். விரிசல் எங்கும் இல்லை. ஒரு கைச்சக்கரம் மட்டும் உடைந்திருந்தது. அது போகட்டும்.

முதலில் செய்த வேலை சின்னவனுடைய படகு இன்ஜினுக்கு ஒரு புஷ், சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம். அவன் கேட்கவில்லை. பழையது தேய்ந்திருந்ததை நானாகப் பார்த்து அளவெடுத்துக்கொண்டேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்ளோ மாமா?" என்றான். போடா என்றேன். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவனே, "வலி இல்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்த மத்தியானம் அவளுக்கு மருந்து ஏற்றி இரண்டாவது நாள். பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருந்தாள். கண் மூடியதைப் பார்த்து மெஷினை நிறுத்தினேன். சத்தமில்லாமல் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"யோவ். எங்க போய்ட்ட?"

"இங்கதான் இருக்கேன். நீ தூங்குறியேன்னு நிறுத்தினேன்."

"நிறுத்தினா எனக்கு முழிப்பு வந்துடுது. ஓடட்டும் வுடு."

போட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மதிலை இன்னும் கட்டவில்லை.