எட்டு வீடும் ஒரு தேவாலயமும்

என்ர அண்ணை சண்முகநாதனை ஆராவது நல்ல மனுசன் எண்டு சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். நல்ல மனுசன்தான், ஊருக்கெல்லாம். பெண்சாதி ஜெயமலருக்கு, என்ர மச்சாளுக்கு, என்ன செய்தவர் எண்டு என்னட்டைக் கேளுங்கோ.

மச்சாள் யாழ்ப்பாணத்தில கட்டடப் படம் வரையப் படிச்சவ. ரெண்டாம் வருசம் இடம்பெயர்ந்து ஓடினதோட படிப்பு நிண்டுபோச்சு. ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தாறு வருசமா வெக்ஸ்போர்ட்டில ஒரு ஃபக்டரியில கார்ச் சாமான் பெட்டி கட்டுறா. பிரேக்குக்கு எல்லாரும் போனை நோண்ட, இவ பெட்டி மட்டையைக் கிழிச்சு அதில வளைவும் தூணும் கீறுவா. யூனியன் ஸ்டேசனுக்குள்ள போனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிப்பா. சனம் இடிச்சுக்கொண்டு போகும். லைப்ரரிப் புத்தகம் ஒண்டில பரிஸ் நகரத்தில இருக்கிற செயின்ற் ஷப்பல் எண்ட பழைய தேவாலயத்தைக் கண்டாவோ இல்லையோ, விசர் பிடிச்சுது.

"நிரூபா, இஞ்ச பார். சுவரே இல்லையடி, முழுக்கக் கண்ணாடி. அவ்வளவு பாரத்தை இந்தக் குச்சித் தூணுகள் எப்பிடித் தாங்குது? உள்ளுக்கை நிண்டு ஒருக்காப் பார்க்கவேணும்."

அந்த மனுசி வாய்விட்டுக் கேட்டது அது ஒண்டுதான்.

போன கோடை பரிசில எங்கட சித்தப்பாவின்ர பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. அண்ணையும் மச்சாளும் ஆறு நாளுக்குப் போனவை. மச்சாள் இஞ்ச இருந்தே கடைசி நாள், வியாழக்கிழமை மூண்டு மணிக்குத் தேவாலயத்துக்கு டிக்கெட் போட்டிட்டா.

எங்கட சனத்துக்கு வெளிநாடு பார்க்கிறது எண்டால் என்ன? எயாப்போட்டில இருந்து ஒரு சொந்தக்காரர் வீடு, அங்கையிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீடு. ஒரு வீட்டில சாப்பிட்டு மற்ற வீட்டில தேத்தண்ணியோட எழும்பினால் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவினம். மாமா மகன் வீட்டில ஆட்டுக்கறி, சித்தப்பா வீட்டில நண்டு, ஆரோ ஒரு சகலன் வீட்டில நாலு மணித்தியாலக் கலியாண வீடியோ. அந்த வடிவான நகரத்தை மச்சாள் கார்க் கண்ணாடிக்குள்ளாலதான் பார்த்தவ, அதுவும் பின்சீற்றில நடுவில இருந்து. ஒவ்வொரு வீட்டாலயும் வெளிக்கிடேக்கை, "வியாழக்கிழமை மறந்துபோகாதேங்கோ" எண்டு மட்டும் சொல்லுவாவாம்.

வியாழக்கிழமை எட்டாவது வீடு. அது சொந்தக்காரர்கூட இல்லை, என்னோட படிச்ச கிளடிஸ். அவளுக்கு நான்தான் பிள்ளையளுக்கு உடுப்பும் மேப்பிள் சிரப்பும் ஒரு பார்சலாக் கட்டிக் குடுத்தனான். "போற வழியில ஒருக்காக் குடுத்துவிடுங்கோ மச்சாள்" எண்டு. போற வழியாம்! அவள் இருக்கிறது பரிசுக்கு வெளிய ஒரு மணித்தியாலத் தூரத்தில. என்ர மண்டையில என்ன இருந்ததோ தெரியாது.

கிளடிஸ் வாசலிலேயே மறிச்சிட்டாள். "உலை வைச்சிட்டன், ஒரு வாய் சாப்பிடாமல் விடமாட்டன்." அண்ணை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போய் இருந்திட்டார். ஒண்டரைக்கு மச்சாள் எழும்பினவ.

"இஞ்சேருங்கோ, மூண்டு மணிக்கு அங்கை நிக்கவேணும்."

கோழிக்காலைக் கடிச்சுக்கொண்டு அண்ணை சொன்னாராம், "உந்தச் சேர்ச் எண்ணூறு வருசமா நிக்குதெண்டு நீதானே சொன்னனீ. இண்டைக்கு எங்கை ஓடப்போகுது?"

எல்லாரும் சிரிச்சவையாம். மச்சாள் திரும்ப இருந்திட்டா. பனியிலயும் மழையிலயும் தனிய ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போற மனுசி, ஒரு கோழிக்கறிக்கு முன்னால வாயடைச்சு இருந்திருக்கிறா.

போய்ச் சேரேக்கை நாலரை. வாசலில நிண்டவன் டிக்கெட்டில இருந்த நேரத்தைத் தொட்டுக் காட்டி, ஏலாதெண்டு தலையை ஆட்டிப்போட்டான். அண்ணை என்ன செய்தவர் தெரியுமோ? கேற்றுக்கு முன்னால மச்சாளை நிப்பாட்டிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில போட்டவர்: "பரிஸ் ரூர் சுப்பர்." மச்சாளின்ர முகத்தைப் பார்க்காமலே, இஞ்ச ரொறன்ரோவில, அஜின்கோர்ட் வீட்டுச் சோபாவில இருந்து நானும் கட்டைவிரல் படம் ஒண்டு போட்டனான்.

மச்சாள் திரும்பி வந்து, கிளடிஸ் குடுத்துவிட்ட சென்ற் போத்திலை என்ர கையில வைச்சுப்போட்டுத்தான் எல்லாத்தையும் சொன்னவ. அழேல்லை.

"உன்ர பார்சலை நான் குறை சொல்லேல்லை நிரூபா. எழும்பின நான் ஏன் திரும்ப இருந்தனான்? அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

அந்தச் சென்ற் போத்திலை நான் இன்னும் திறக்கேல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணை என்னைப் பதறிக்கொண்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசையில ஒரு பிளேன் டிக்கெட், பரிசுக்கு, ஒரு ஆளுக்கு. அதோட நாலு நாள் ஹொட்டல் புக்கிங்.

"அங்கை எட்டு வீடு இருக்க இவ ஹொட்டலில நிக்கப்போறாவாம்! எங்களைத் தள்ளி வைச்சிடுவினம். அவை என்ன நினைப்பினம்?"

மச்சாள் சத்தம் போடேல்லை. "அவை என்ன நினைப்பினம் எண்டு கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் நினைச்சுக் களைச்சுப்போனன். இனி அவை இருந்து நினைக்கட்டும்."

அண்ணை என்ர பக்கம் திரும்பினார். "நிரூபா, நீயாவது சொல்லன்."

நான் மச்சாளைத்தான் பார்த்தன்.

"எயாப்போட்டுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"