உறை போட்டால் போதும்

அம்மாவின் கடைவாய்ப் பல் பாதியாக உடைந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும், தோட்டத்து ஆபீசிலிருந்து மலையாளத்தில் தாள் வந்தாலும், படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

வண்டிப்பெரியாருக்குப் புதன்கிழமைதோறும் ஒரு பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். வலி தாங்காமல் அம்மா ஒரு நாள் லீவு கேட்டாள்.

"பல்லுவலிக்கு லீவா? கொழுந்தக் கையால கிள்ளுறியா, பல்லால கிள்ளுறியா?" என்றார் கங்காணி. நிரையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்களாம். எப்படியோ கெஞ்சி வாங்கிய அந்த ஒரு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டருக்குத் தமிழ் வராது. என்னைப் பார்த்து மலையாளத்தில் விளக்கினார். சொத்தை வேர்வரை போய்விட்டது. முதலில் உள்ளே சுத்தம் செய்து அடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பல்லுக்குப் பலம் போதாது, மெல்லும்போது பிளந்துவிடும், அதனால்தான் கடைசியில் மேலே உறை. மொத்தம் நான்கு புதன்கிழமை வர வேண்டும். "உள்ளு கிளீன் ஆக்காதெ மூடியால் பழுக்கும், கேட்டோ" என்று விரலை ஆட்டினார். சுத்தம் செய்யாமல் மூடினால் சீழ் வைக்குமாம்.

எனக்கு எல்லாமே புரிந்தது. நான்கு புதன்கிழமை என்றால் எனக்கும் பள்ளிக்கூடம் போய்விடும். அரைப் பரீட்சை நெருங்கியிருந்தது. முதல் இடத்தைக் கங்காணி மகளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"என்னட்டி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"உறை போட்டாப் போதுமாம். கடைவீதியிலகூடப் போட்டுக்கிடலாமாம்."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, ஞாயித்துக்கிழம போட்டுக்கிடுவோம்" என்று எழுந்தாள்.

கடைவீதியில் பல் கட்டுகிறவர் சொத்தையைத் தொடாமலே, தங்கம்போல மின்னும் ஓர் உறையை அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். லயத்தில் ஒரே கேலி. "தங்கப்பல்லுக்காரி வாரா, வழி விடுங்கட்டி!" அம்மா வாய் நிறையச் சிரித்து, "எம்மவதான் டாக்டருகிட்ட மலையாளத்துல பேசுனா" என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் தலை நிமிர்ந்து நின்றேன்.

பரீட்சையில் முதலாவதாக வந்தேன். அந்த வாரமே அம்மாவின் தாடை வீங்கியது. உறைக்குள்ளே சீழ். அந்தப் பல்லோடு பக்கத்துப் பல்லையும் பிடுங்க வேண்டியதாயிற்று. சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் பிடிபடவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பல் உடைவதற்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அம்மா மீன்காரரோடு மலையாளத்திலேயே மல்லுக்கு நின்று பேரம் பேசுவாள். வாராவாரம் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.