விமானத்துக்குக் காத்திருந்த காதுகுத்து

சுகுணாவின் அண்ணன் மாதப்பனுக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும் என்று நல்லம்பள்ளிப் பக்கம் கேலி பேசுவார்கள். அதில் பாதி நிஜம். அவன் போர்வெல் லாரியில் துளை போடுகிறவன். கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவனுக்குப் பேச்சு எதற்கு? கையைக் காட்டினால் ராடு இறங்கும், கையைக் காட்டினால் ஏறும். சத்தீஸ்கர், ஒடிசா என்று பாறை இருக்கிற ஊரெல்லாம் போய்வந்திருக்கிறான். தூள் படிந்து புருவம் வரைக்கும் வெள்ளையாக நிற்கும்போது அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வருமாம். எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்த்துப்போகும் என்று ஒருநாள் சொன்னான். அவன் வாயிலிருந்து சுகுணா கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

அப்பா, அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கையைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, சென்னப்பன் வீட்டு மருமகளாகக் கட்டிக்கொடுத்தவன் மாதப்பன்தான். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருத்தன்தான். ஆகவே மகள் வெண்மதிக்குக் காதுகுத்து என்று முடிவானதும், அவள் தேதியை மாமனார் சென்னப்பனிடம் கேட்பதற்கு முன்னால் அண்ணனிடம்தான் கேட்டாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தோடும் அவன்தான் கொண்டுவர வேண்டும். காது குத்தி முடித்த பிறகுதான் குலதெய்வக் கோயிலில் பந்தி.

தேதிக்கு முந்தின நாள் வரை ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு துளையில் ராடு சிக்கிக்கொண்டு கிடந்தது. அதை எடுக்காமல் முதலாளி விடமாட்டார். எடுத்து முடித்தபோது ரயில் போயிருந்தது. அன்று இரவு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"சுகுணா, ஏரோப்ளேன்ல வரேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கடலைக்காட்டில் களை எடுக்கும்போது தலைக்கு மேலே எறும்பாக ஊர்ந்து போகுமே, அதற்குள்ளே தன் அண்ணன் உட்கார்ந்து வரப்போகிறான் என்று நினைத்தால் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. விடியற்காலை ஏறினால் காலையில் பெங்களூர், அங்கிருந்து பஸ், உச்சிப்பொழுதுக்குள் கோயில். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விமானம்தான் கிளம்பவில்லை. பனிமூட்டம் என்றார்கள். பிறகு மெஷின் கோளாறு என்றார்கள். பிறகு பைலட் வரவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மாதப்பன் போன் செய்து "லேட்டுங்கறாங்க" என்று மட்டும் சொன்னான், நீ வந்தால்தான் இலை போடுவோம் என்று சுகுணா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வைத்தான். இங்கே கோயிலில் கறி வெந்து இறங்கிவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. மாதப்பனின் பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று யாரோ பேச்செடுத்தார்கள். சுகுணா முடியாது என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. அத்தனை பேர் வயிற்றுக்கு அவள் எப்படிப் பொறுப்பேற்பாள்?

சென்னப்பன் எழுந்து நின்றார். "தாய்மாமன் வராம எம்பேத்திக்குக் காது குத்தறதா இல்லை. அவசரம்னா போறவங்க போலாம்."

ஒருவர்கூடப் போகவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தார்கள். வெயில் சாய்ந்தது, இலைக்கட்டு பிரிக்காமலே கிடந்தது, ஜனம் அசையவில்லை. பேசத் தெரியாத தன் அண்ணனுக்காக இத்தனை பேர் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சுகுணாவுக்கு மெய்சிலிர்த்தது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது தன் அதிர்ஷ்டம் என்று அவள் அன்றைக்குத்தான் நினைத்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மாதப்பன் ஓடிவந்தான். வெண்மதியை மடியில் வைத்தான், காது குத்தினார்கள், பந்தி விரித்தார்கள். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும், நாளெல்லாம் அடக்கிவைத்திருந்த கோபம் சென்னப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏசி ரூம்ல குந்தவெச்சு வேளைக்கு வேளை சோறு போட்டுருப்பான் ஏரோப்ளேன்காரன். நீ தின்னு ஏப்பம் வுட்டுட்டு வர, இங்க ஊரே பட்டினி கெடக்குது."

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். ஒரு வாய் எடுத்து வைத்த மாதப்பன் இலையை மூடிவிட்டு எழுந்தான். அதன் பிறகு அவன் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தீபாவளிக்குப் போனிலேயே பணம் அனுப்பினான். வெண்மதி "மாமா எப்ப வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் சுகுணா அடுப்படிக்குள் போய்விடுவாள். அண்ணன் இல்லாமல் போனால் இந்த உலகத்தில் தனக்கென்று யார் என்ற பயம் அவளை அரித்தது.

அவளோடு பள்ளியில் படித்த மலர்விழி தருமபுரியில் வக்கீல். ஒருநாள் பஸ்ஸில் பார்த்தபோது சுகுணா எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். மலர்விழி அழுகையை விட்டுவிட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மத்த ப்ளேன் எல்லாம் போச்சா? போச்சுன்னா பனிமூட்டம்னு அவுங்க சொன்னது நிக்காது. நஷ்டஈடு கேக்கலாம்."

"அதுக்கு ராய்ப்பூர் போவோணுமா?"

"வேண்டாம். உங்கண்ணன் இருக்கற ஊர்லயே கேஸ் போடலாம். அவுங்கதான் இங்க வரணும்."

சுகுணா அன்று வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். விமானம் வைத்திருக்கிற கம்பெனி, லாரியில் நின்று துளை போடுகிறவனுக்குப் பதில் சொல்லத் தருமபுரிக்கு வர வேண்டுமாம். இப்படியும் ஒரு சட்டத்தை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே! அண்ணனுக்குப் போன் செய்தாள். பணத்துக்கு அவன் மசியவில்லை. கடைசியில், "அவுங்கதான் லேட்டு பண்ணாங்கன்னு பெரிய எடத்துல சொல்லுவாங்களா?" என்று கேட்டான். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றாள் அவள். அப்படியானால் போடு என்றான்.

நுகர்வோர் கோர்ட்டில் வாதம் நடந்த அன்று மாதப்பன் லீவு போட்டு வந்திருந்தான். கூடவே வருவேன் என்று சென்னப்பனும் கிளம்பினார். "ஏரோப்ளேன்காரன்கிட்டயே காசு கேக்கறானாம். அதையும் பாத்துருவோம்" என்று பஸ்ஸில் அக்கம்பக்கம் கேட்கச் சொன்னார். கோர்ட்டில் மாதப்பன் இருந்த பெஞ்சில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தார். சுகுணா இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வரிசையில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சங்கடம்.

கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டில் மிடுக்காக இருந்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். தலைவராக இருந்த அம்மா அவரை நிறுத்தி, "வழக்குப் போட்டவருக்குப் புரியற மாதிரி தமிழ்லயே சொல்லுங்க" என்றார். அதைக் கேட்டு மாதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுகுணாவுக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"விமானம் தாமதமானது உண்மைதான். அதை நாங்க மறுக்கல" என்றார் வக்கீல். "ஆனா பயணிகளை நாங்க பட்டினி போடல. காலையிலயும் மதியமும் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தோம். இவர் மட்டும் ரெண்டு தடவையும் வாங்கல. எங்க ஊழியர் எழுதிக் குடுத்துருக்காங்க. நாற்காலி போட்டும் உட்காராம கவுண்டர் பக்கத்துலயே நின்னாராம். ஏன் சாப்பிடலன்னு கேட்டதுக்கு, 'ஊர்ல ஜனங்க எனக்காகச் சாப்பிடாம இருக்காங்க, நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது'ன்னு இந்தியில சொன்னாராம். அவராப் பட்டினி இருந்ததுக்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும்?"

தங்கள் தரப்புக்குப் பலமான வாதம் என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். சுகுணாவுக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. இத்தனை மாதமாக இந்த மனுஷன் இதை வாயைத் திறந்து சொல்லவில்லையே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குப் பந்தியே எழுந்து நின்றிருக்குமே! தன்னை வளர்த்தவன் யார் என்பதே இப்போதுதான் தெரிவது போல அவள் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான், ஏதோ திருட்டில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தாமதத்துக்குச் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொன்னார்கள். மலர்விழிக்கு ஏக சந்தோஷம். ஆனால் சுகுணாவைப் பொறுத்தவரை வழக்கு வாதம் நடந்த அன்றைக்கே, வெளியே வராந்தாவில் முடிந்துவிட்டது.

வாதம் முடிந்து வெளியே வந்தபோது சென்னப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று சுகுணா நினைத்தாள். அந்த வீட்டில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"மாதப்பா, அன்னிக்கு நான் சாப்ட்டேன்" என்றார் சென்னப்பன்.

அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"சக்கர எறங்கிப் படபடன்னு வந்துருச்சு. ஊரையெல்லாம் நான்தான் காக்க வெச்சன், நானே எப்படிக் கேட்டுத் திங்கறது? கோயிலுக்குப் பின்னால போயி வண்டில குந்திக்கிட்டு ரெண்டு பன்னு தின்னேன். யாருக்கும் தெரியாது. வாயத் தொடச்சுக்கிட்டு வந்துதான் உன்னை அத்தன பேருக்கு முன்னால அப்படிப் பேசுனன்."

சுகுணா பதறி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் பட்ட அவமானத்துக்கு அவன் என்ன சொன்னாலும் தகும். அந்த முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமாவது தெரிகிறதா என்று தேடினாள். மருந்துக்கும் இல்லை. அவன் பெரியவரின் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான்.

"சக்கர ஒடம்புங்க மாமா. சாப்புடலைன்னா அங்கயே வுழுந்துருப்பீங்க. சாப்ட்டது நல்லதாப் போச்சு" என்றான். பிறகு வெயிலைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் ஆயிப்போச்சுங்களே, மாத்திர கையில இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

சென்னப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, மாதப்பன் உட்காரப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.