மண், நார், தண்ணீர்: தம்பி போட்ட செண்டுமல்லி

என் தம்பி யோகேந்திரனுக்கு முப்பத்து நான்கு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறான். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தவன். அக்கா நான் மூன்றாம் படிவத்தோடு நின்று கொழுந்து எடுக்கப் போனேன். எங்கள் வீட்டில் அதிகம் படித்தவன் அவன்தான்.

எதையும் இரண்டு விதமாகச் செய்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேசுவான். இட்லி மாவை அடுப்போரம் ஒரு பானையிலும் ஜன்னலோரம் ஒரு பானையிலும் வைத்து, முதலாவது பதினோரு மணி நேரத்தில் பொங்கியது, இரண்டாவதற்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது என்று சொன்னவன். அன்றிலிருந்து என் மாவுப் பானைக்கு அடுப்போரம்தான் இடம்.

எங்கள் மலை நகரமான தானா ராத்தாவில் பூ மொத்த வியாபாரம் செய்யும் சாம்பசிவத்துக்குக் கோலா தெர்லா கிராமத்தில் அரை ஏக்கர் சும்மா கிடந்தது. செண்டுமல்லியை எப்படி வளர்த்தால் நல்லது என்று தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு செய்து காட்டுகிறவருக்கு அந்த நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பத்து வருடமாகச் சொந்தமாகத் தோட்டம் போட ஆசைப்பட்ட தம்பி அதைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை ஆறாம் தேதி எங்கள் தோட்டத்து லைன் வீட்டுக்குப் பின்னால் அறுபது நாற்று நட்டான். இருபது கோழி எரு போட்ட மண்ணில். இருபது தேங்காய் நார்த்தூள் நிரப்பிய கறுப்புப் பைகளில். இவற்றுக்குச் சொட்டுக் குழாயில் உரத் தண்ணீர். மீதி இருபதுக்கு மண்ணும் இல்லை, நாரும் இல்லை. துளை போட்ட பிளாஸ்டிக் குழாயில் வேர் தொங்க, பம்பு உரத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். மூன்றுக்கும் மேலே ஒரே கூரை. கோழி நுழையாமல் சுற்றிலும் கறுப்பு வலை. வெளிச்சம் நீண்டால் செடி பூக்காமல் உயரும், நிறுத்தினால் மொட்டு வைக்கும் என்பதால் முதல் ஐந்து வாரம் மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை விளக்கும் போட்டான். வாரம் ஒரு முறை அவன் அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுதினேன்.

முப்பத்து மூன்றாவது நாள், சனிக்கிழமை மதியம், போலீஸ் வந்தது. ஒரு சார்ஜனும் அவருக்குக் கீழே இரண்டு போலீஸ்காரர்களும். சார்ஜன் ராதாகிருஷ்ணன் தமிழர். அவர்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் நின்றிருந்தார்.

"இங்க கஞ்சா வளர்க்குறதா புகார்," என்றார் சார்ஜன்.

இந்த நாட்டில் அந்தக் குற்றத்துக்கு ஆயுள் சிறை வரை போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஐயா, இது செண்டுமல்லி," என்றான் தம்பி.

"பூவக் காணோமே லா?" என்றார் ஆண்டியப்பன். "எலை பல்லு பல்லா இருக்கு. கிட்ட போனா நாத்தம் வேற. கஞ்சா வளர்க்குறதப் பத்தி போன்ல வீடியோ வந்துச்சு சார். மண்ணுல ஒன்னு, தேங்கா நார்ல ஒன்னு, தண்ணில ஒன்னு. லைட்டு, கறுப்பு வலை, எல்லாம் அச்சு அசலா இப்படித்தான்!"

"நீங்க எதுக்குண்ணே அந்த வீடியோவப் பாத்தீங்க?" என்றான் தம்பி.

"டேய், அதுவா வந்துச்சு லா!"

சார்ஜன் நோட்டை வாங்கிப் புரட்டினார். வாரா வாரம் உயரம், இலை எண்ணிக்கை, விளக்கு நேரம். அதைப் படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது. ஒழுங்காக எழுதியதே வினையாகிவிட்டதே என்று நினைத்தேன். பிறகு ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "மாலைக் கடை வாசம்தான்," என்றார். "ஆனா புகார் வந்துட்டா சாம்பிள் அனுப்பணும். ஆறு செடி எடுங்க."

கூட வந்தவர் நேராகத் தண்ணீர் வரிசைக்குப் போனார். உயரமான செடிகள் அங்கேதான் இருந்தன.

"ஐயா, ஆறும் அதுலயே எடுக்காதீங்க!" தம்பி குறுக்கே போய் நின்றான். "மூனுலயும் ரெண்டு ரெண்டு எடுங்க. அதுவும் உசரத்துல ஒன்னு, குட்டையில ஒன்னு. இல்லாட்டி கணக்கு கெட்டுரும்."

"ஒன்னை லாக்கப்ல வைக்கலாமான்னு பாக்குறேன், நீ செடிக்கு நாயம் பேசுறியா?"

"நாலு மாசம் ஓட்டவேண்டிய கணக்கு ஐயா. இதக் காட்டித்தான் எனக்கு நெலம் கெடைக்கணும்."

சார்ஜன் நோட்டை மூடி அவனிடம் கொடுத்தார். பிறகு, "ரெண்டு ரெண்டா எடுப்பா," என்றார். வரிசைக்குப் பதினெட்டு மிஞ்சியது. பத்து நாளில், ஒன்றும் இல்லை என்று ஆய்வு முடிவு வந்தது.

தண்ணீரில் நின்றவை அறுபத்தாறாம் நாளே பூத்தன. பைகள் அறுபத்தொன்பதில், மண் எழுபத்து நான்கில். செடிக்குச் சராசரியாகப் பையில் நாற்பத்தொரு பூ, தண்ணீரில் முப்பத்தாறு, மண்ணில் இருபத்தொன்பது. மூன்றிலும் ஒவ்வொரு மாலை கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீர்ப் பூ இரண்டாம் நாள் உதிர்ந்தது, பைப் பூ மூன்றாம் நாள். மண்ணில் பூத்தது ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தது.

சொன்னபடி சாம்பசிவம் வந்தார். கணக்கை முழுக்கப் படிக்க அவருக்குப் பொறுமையில்லை.

"எது நல்லது? ஒத்த வார்த்தையில சொல்லு."

'பை' என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மாலைக்கா முதலாளி, உதிரிப் பூவுக்கா?" என்று கேட்டான் தம்பி.

"ரெண்டுக்கும்தான் விக்கிறேன்."

"அப்பன்னா ஒத்த வார்த்தை இல்ல முதலாளி. உதிரிக்குப் பை, மாலைக்கு மண்ணு. தண்ணி வேண்டாம். சீக்கிரம் பூக்கும், ஆனா நிக்காது."

சாம்பசிவம் மண் வரிசையில் ஒரு பூவைப் பறித்து இதழை இழுத்துப் பார்த்தார். பை வரிசையிலும் அப்படியே செய்தார். "நேத்து வேற ஒருத்தன் காட்டுனான்," என்றார். "எல்லாத்துக்கும் தண்ணிதான்னு அடிச்சுப் பேசுனான். மாலை கட்டிப் பாத்தியான்னு கேட்டேன், முழிக்கிறான். நீ திங்கக்கிழம வா, நெலத்துக் கேட்டுச் சாவி தரேன்."

இப்போது கோலா தெர்லாவில் மூன்றில் இரண்டு பங்கு பை, ஒரு பங்கு மண். தம்பி தொழிற்சாலை வேலையை இன்னும் விடவில்லை. ஒரு வருடம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பானாம்.