பின் சில்லின் எடை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மூன்று மோட்டார் சைக்கிள்களுக்கு எடை பார்த்தது.

தண்ணீரூற்றில், அப்புத்துரை அண்ணையின் நெல் கொட்டிலில். தொண்ணூற்றெட்டு ஐப்பசி. மழை இன்னும் பிடிக்கவில்லை. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஒரு வண்டி முழுதாக நிற்காது. முதலில் முன் சில்லை மேடையில் ஏற்றுவோம். பின் சில்லுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை. பிறகு மாற்றி. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. அப்பா எப்போதும் இப்படித்தான் பார்ப்பார். மீன்பெட்டி கட்டுகிறவருக்கு மொத்தத்தைவிடப் பின் சில்லில் விழும் பாரம்தான் முக்கியம். மணலில் புதைவது அந்தச் சில்லு.

“கிறகோரி அண்ணை, இது நெல்லு நிறுக்கிற தராசு,” என்றார் அப்புத்துரை அண்ணை. “மோட்டச்சைக்கிளுக்குக் கழிவு எவ்வளவு வெட்டிறது?”

“ஈரம் பாத்து வெட்டு. நீ வெட்டாமல் விட்டனியே எப்பவாவது?”

தொண்ணூறு சீசீ வண்டி எழுபத்து நாலு கிலோ. நூறு சீசீ எண்பத்தெட்டு. கடைசியாகப் பழைய நூற்றிருபத்தைந்து. முன் சில்லு முப்பத்தேழு. பின் சில்லு எண்பத்திரண்டு.

“நூற்றுப் பத்தொன்பது,” என்றேன். “நூற்றொண்டு எல்லே அப்பா இருக்கவேணும்? இன்னும் அப்பிடியே காட்டுது.”

“காட்டட்டும் பிள்ளை. பாரம் எங்கையெண்டு தெரிஞ்சால் காணும்.”

எந்த வண்டி தர்மபுரம் வரை ஒரு சிலுவையைக் கொண்டுபோகும் என்று தெரிவு செய்யத்தான் இவ்வளவும். அது அம்மாவின் கல்லறைக்கான சிலுவை. மரித்தோர் திருநாளுக்கு முன் அதை நட்டுவிட வேண்டும்.

அப்பாவின் பெயர் கிறகோரி. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். கடலுக்குப் போனவர் அல்ல, வாந்தி எடுப்பார். கரைக்கு வரும் மீனைப் பெட்டியில் கட்டி உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். வாழ்நாளில் மூன்று வண்டிகள். மூன்றும் டூ ஸ்ட்ரோக்.

முதலாவது ஐம்பதுகளின் இங்கிலாந்து வண்டி. அப்பப்பா வாங்கியது. கனத்த இரும்பு. கரியரோடு நூற்றொரு கிலோ. வலு நாலரைக் குதிரைதான். இரண்டாவது எழுபதுகளின் ஜப்பான் தொண்ணூறு. கால்வாசி எடை குறைவு, வலு எட்டு. மூன்றாவது எண்பதுகளின் நூறு, வலு பதினொன்று. நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தேன். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் தண்ணீர்ப் பம்புகள் திருத்தினேன். என் கணக்கில் ஒரு குதிரை வலு எத்தனை கிலோவை இழுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. முதல் வண்டியில் இருபத்திரண்டு. இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதில் எட்டு. முப்பது வருடங்களில் பொறியியல் அவ்வளவு தூரம் வந்திருந்தது.

அந்த எண்கள் பெற்றோலுக்கு உரியவை. எங்களுக்குப் பெற்றோல் இல்லை; சண்டைக் காலத்தில் அரசாங்கம் உள்ளே விடாது. தடை. ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். அதன் குழாயால் காபரேற்றருக்குச் சில துளி விட்டு உதைப்பார்கள். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயும் கலக்க வேண்டும். அதுவும் கிடைக்காதபோது தேங்காயெண்ணெய். அப்பா போன வீதியில் கொஞ்ச நேரம் பலகாரம் சுட்ட மணம் நிற்கும். மண்ணெண்ணெயில் நூறு சீசீ வண்டி வேகத்தில்தான் இழுக்கும். சேற்றில் மெதுவாகப் போனால் மூச்சை விட்டுவிடும். பழைய வண்டி ஓட்டத்தில் கடைசி. ஆனால் எஞ்சினின் சுழற்சியை விடாமல் வைத்திருக்கும் பறப்புச்சில்லு அதில் கனமானது. சாகிற மாதிரி ஓடிக்கொண்டே சாகாது.

அதற்கு வேறொரு குணமும் உண்டு. அந்த எஞ்சினுக்கு வால்வு இல்லை. பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடுகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் துளைகள் ஒரே இடத்தில்தான் திறக்கும். சாகப்போகிற நேரத்தில் தீப்பொறி பிஸ்டனைத் திருப்பி உதைத்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. கியர் போட்டுக் கிளச்சை விட்டால் வண்டி பின்னால் போகும்.

அப்பா இதை வேண்டுமென்றே செய்வார். அந்தோனியார் கோயில் பெருநாளில், அம்மாவைப் பின்னால் ஏற்றி, கோயில் வளவைப் பின்பக்கமாகச் சுற்றுவார். அம்மாவின் பெயர் எமில்டா. “இறக்கிவிடுங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு!” என்று கத்துவார், இறங்க மாட்டார். சனம் அப்பாவுக்கு நண்டுக் கிறகோரி என்று பெயர் வைத்தது.

தொண்ணூற்றாறு ஆடியில் சண்டை வந்தது. ஓடுகிறபோது எல்லோரும் எதையாவது புதைத்தார்கள். தையல் மெஷினை, வெண்கலப் பானையை. அப்பா பழைய வண்டியைப் பொலித்தீனால் சுற்றி, மூட்டுகளில் கிறீஸ் பூசி, வீட்டுக்குப் பின்னால் மணலில் புதைத்தார். மற்ற இரண்டிலும் தர்மபுரம் போனோம்.

அங்கே அம்மா மலேரியாவில் இறந்தார். எனக்கும் அதே காய்ச்சல். நான் பாயில் கிடந்தேன். அம்மாவைக் காட்டோரம் அடக்கம் செய்தார்கள். அப்பாவுடன் போனவர்கள் பங்குச் சுவாமியும் முகம் தெரியாத நாலு பேரும். அப்பாவின் அக்கா யூலிற்றா மாமி அப்போது மடுவில் இருந்தார். ஆக, இடம் தெரிந்த எங்கள் ஆள் அப்பா மட்டும்.

நான் எழும்பி நடந்ததும் கேட்டேன். “எங்கையப்பா?”

“சிலுவையோடைதான் காட்டுவன். ஒரு தடியைக் காட்டி, இதுதான் கொம்மா எண்டு சொல்லமாட்டன்.”

தடி என்றது பூவரசந்தடியை. வேறு ஒன்றும் கிடைக்காத காலம். அந்தக் காட்டோரத்தில் அடக்கம் செய்த எல்லோருமே அடையாளத்துக்குப் பூவரசைத்தான் வெட்டி நட்டார்கள். பச்சைப் பூவரசு மண்ணில் நட்டால் துளிர்க்கும் என்பது எங்கள் வேலிகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“எல்லாம் வளந்து கிளை விட்டிட்டுது,” என்றார். “எது கொம்மான்ரை எண்டு இப்ப எனக்கு விளங்குது. இன்னொரு மழை பெஞ்சால் எனக்கும் விளங்காது.”

சிலுவைக்குச் சீமெந்து வேண்டும். சீமெந்தும் தடை. மீனைக் கொடுத்துச் சிரட்டைக் கணக்கில் சேர்த்தார். அதற்கு நீண்ட காலம் எடுத்தது.

இதற்கிடையில் தண்ணீரூற்றுக்கு வந்துவிட்டோம். தொண்ணூற்றெட்டில் ஒருநாள் அப்பா கரைக்குப் போய்ப் பழைய வண்டியைத் தோண்டி எடுத்துவந்தார். பொலித்தீன் கிழியவில்லை. இரண்டு உதையில் பிடித்தது. அன்றே அப்புத்துரை அண்ணையின் தராசில் ஏற்றினோம். புதைக்க முன்னம் முன் சில்லு நாற்பத்தொன்று, பின் சில்லு அறுபது. இப்போது முப்பத்தேழு, எண்பத்திரண்டு. பதினெட்டுக் கிலோ கூட.

மணல் என்று நினைத்தேன். எண்ணெய்த் தாங்கியைக் கழற்றினேன். சீற்றைக் கழற்றினேன். சட்டகக் குழாய்க்குள் கம்பி விட்டேன். ஒரு சிரங்கை மணல் வந்தது. திரும்ப ஏற்றினேன். அதே எடை. தராசில் நெல் மூட்டையை வைத்துப் பார்த்தேன். தராசு சரி.

எனக்குப் பதினெட்டுக் கிலோவைவிட முன் சில்லுதான் உறுத்தியது. குழாயில் மணல் இருந்தால் இரண்டு சில்லிலும் எடை கூட வேண்டும். இங்கே முன்னால் நாலு கிலோ குறைந்திருந்தது. அப்படி வர ஒரு வழிதான் உண்டு. சுமை பின் அச்சுக்கும் பின்னால் இருக்க வேண்டும். கணக்குப் போட்டேன். அச்சுக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடப் பின்னால். கரியரின் மேல். அங்கே ஒன்றுமில்லை. கையை வைத்துப் பார்த்தேன். இரும்பு மட்டும்.

மடுவிலிருந்து வந்து எங்களோடு இருந்த யூலிற்றா மாமி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மண்ணுக்கை கிடந்ததைத் தனிய எடுத்துக்கொண்டு வந்தனெண்டு நினைக்கிறியோ தம்பி? ஆரையோ ஏத்திக்கொண்டெல்லோ வந்திருக்கிறாய்.”

“ஏறினால் என்னக்கா? எண்ணெய் ஊத்திறது நான்தானே.”

“பகிடி விடாதை. சுவாமியைக் கூப்பிட்டு மந்திரி.”

“சுவாமி வந்தால் அவரும் ஏறப் பாப்பார். பாரம் தாங்காது.”

மாமி சிரித்தார். அன்றிலிருந்து அந்த வண்டி நிற்கும் பக்கம் குசினிக் கதவைச் சாத்தியே வைத்தார்.

இன்னொன்று. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினின் தலையில் கரி படியும். கரி சிவந்து கனன்றால் பொறி இல்லாமலே எஞ்சின் ஓடும். சுவிச்சை நிறுத்தினாலும் நிற்காது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியும்; பம்புகளிலும் பார்த்திருக்கிறேன். பழைய வண்டியும் அப்படி ஓடும். அப்பா சுவிச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். பிறகு தலையைத் திருப்பாமல், “சரி, இறங்கு,” என்பார். உடனே நிற்கும். நான் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை.

புரட்டாதியில் சிலுவை வார்த்தார். பழைய மீன்பெட்டிப் பலகையில் அச்சு. காய்ந்ததும் தராசில் வைத்தோம். பதினெட்டுக் கிலோ. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிலுவையின் விளிம்பை உரஞ்சிக்கொண்டிருந்தார்.

எடை பார்த்த அந்தக் கடைசி நாளில் நான் நூறு சீசீயைத்தான் சொன்னேன். சங்கிலி ஓடும் பின்பக்கப் பல்சில்லைப் பெரிதாக மாற்றினால் சேற்றில் இழுக்கும், பிரேக்கும் நல்லது.

“உன்ர கணக்குப் பிழையில்லை,” என்றார் அப்பா. “ஆனால் கொம்மா இதிலைதான் இருந்து பழகினவா.”

“சிலுவைதானே அப்பா போகுது.”

“ஓம். சிலுவைதான்.”

கரியரில் சிலுவை எங்கே வர வேண்டும் என்று ஆணியால் ஒரு கோடு கீறினார். சிலுவையைக் கட்டவில்லை. முதலில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று, பதினெட்டுக் கிலோ மணலைச் சாக்கில் போட்டு அந்தக் கோட்டில் கட்டினார்.

“வற்றாப்பளை மதகுமட்டும் போட்டு வாறன். அந்த ஏத்தம் ஏறினால் தர்மபுரமும் ஏறும்.”

“மீன்பெட்டி கட்டேக்கை ஒருக்காலும் இப்பிடி ஓடிப் பாக்காதனீங்கள்.”

“மீன் விழுந்தால் கழுவிப்போட்டு விக்கலாம்,” என்றார். கிளம்பிவிட்டார். பலகார மணம் நின்றது.

மதகடியில் நடந்ததை அப்புத்துரை அண்ணைதான் கண்டார். வயலுக்குப் போயிருந்தவர். ஓடிவந்து கொட்டில் வாசலில் நின்று சொன்னார்.

“ஏத்தத்திலை பாதியிலை நிண்டிட்டார் பிள்ளை. எஞ்சின் சாகேல்லை, ஓடிக்கொண்டுதான் நிண்டது. திரும்பிப் பின்னாலை பாத்து என்னவோ சொன்னார். பிறகு கிளச்சை விட்டார். வண்டி பின்னாலை போச்சுது. உருண்டு போகேல்லை, ஓடிப் போச்சுது. ஆரோ பிடிச்சு இழுத்த மாதிரி நேர தண்ணிக்கை.”

மதகுக்குக் கீழே நந்திக்கடலின் ஓரம். முழங்காலளவு தண்ணீர். வண்டி அப்பாவின் மேலே கிடந்தது.

“கத்தினவரே?” என்று மாமி கேட்டார்.

அப்புத்துரை அண்ணை எங்களைப் பார்க்காமல் சொன்னார். “சிரிச்சவர் அக்கா. பெருநாளிலை சிரிக்கிற மாதிரி.”

எனக்கு இயந்திரம் விளங்குகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சாகப்போனது; பொறி திருப்பி உதைத்தது; எதிர்ப்பக்கம் ஓடியது. கியரில் கிளச்சை விட்டார். பின் சில்லில் அளவுக்கு மேல் பாரம். முன் சில்லில் பிடி இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. எஞ்சின் திரும்பிவிட்டது என்பது, வேண்டுமென்றே அப்படி ஓட்டிய ஒருவருக்கு ஏன் தெரியாமல் போனது என்பதற்கு மட்டும் காரணம் இல்லை. திரும்பி என்ன சொன்னார் என்பதும் தெரியாது.

அப்பாவைத் தண்ணீரூற்றில் அடக்கம் செய்தோம். தலைமாட்டில் பூவரசு நட வந்தார்கள். வேண்டாம் என்றேன். பழைய இரும்புப் பைப் ஒன்றை அடித்தேன்.

மரித்தோர் திருநாளுக்கு முதல்நாள் பழைய வண்டியைக் கழுவித் தராசில் ஏற்றினேன். முன் நாற்பத்தொன்று. பின் அறுபது. நூற்றொரு கிலோ. புதைக்க முன்னம் இருந்த எடை. சாக்கில் இருந்த மணல் தண்ணீரோடு போயிருந்தது. வண்டியிலிருந்து வேறொன்றும் கழன்று விழவில்லை; ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன்.

பிறகு சிலுவையைத் தூக்கி, அப்பா கீறிய கோட்டில் வைத்துக் கட்டினேன். திரும்ப ஏற்றினேன்.

முன் முப்பத்தேழு. பின் எண்பத்திரண்டு.

அப்புத்துரை அண்ணை எட்டிப் பார்த்தார். “இது முந்தி நிறுத்த கணக்கெல்லே பிள்ளை?”

“ஓம்.”

“அப்ப சிலுவை கட்டியிருக்கேல்லையே.”

“இல்லை.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தராசை மூடினார்.

மறுநாள் நூறு சீசீயில் தனியாகத் தர்மபுரம் போனேன். காட்டோரத்தில் பூவரசுகள் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. எல்லாவற்றிலும் மஞ்சள் பூ. முகம் தெரியாத அந்த நாலு பேரையும் விசாரித்தேன்; வேறு இடம் போய்விட்டார்கள். சுவாமியும் மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றேன். அம்மாவுடையது எதுவென்று தெரியவில்லை. மழை வந்தது. திரும்பிவிட்டேன்.

சிலுவை இன்னும் பழைய வண்டியில், அந்தக் கோட்டில், கட்டியபடி இருக்கிறது. அவிழ்க்கவில்லை. கொண்டுபோய் நட வேண்டும். எந்த மரத்தடியில் என்று அப்பா சொல்லவில்லை.